சந்தனக் கல்லும் சவுக்காரக் கட்டியும்

சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசர்களின் தலையைப் பார்த்தே எழுதுகிறார்கள். முடி யாருக்குச் சூட்டப்பட்டது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அந்தத் தலைக்கு என்ன தேய்த்துக் குளித்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு அந்தச் சிரிப்புக் கட்டுப்படியாகாது. ஒரு கதாநாயகியைக் காலையில் எழுப்பி, ஆற்றுக்கு அனுப்பி, ஈரத்தலையோடு வீடு திரும்பச் செய்ய வேண்டுமானால், அவள் கைக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சரித்திரக் கதைக்காக நான் இந்த விஷயத்தைத் தேடத் தொடங்கினேன். கதை முடிந்துவிட்டது. தேடுவது நிற்கவில்லை. அப்படிச் சேர்ந்ததில் ஒரு பகுதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் மழைக்காலத்து நகரம் ஒன்றைக் காட்டுகிறார். வாடை வீசுகிறது. வீட்டுப் புறாக்கள் இரை தேடப் போகாமல் கால் மாற்றிக்கொண்டு நிற்கின்றன. வேலைக்கார இளைஞர்கள் கொள்ளின் நிறமுள்ள ஒரு கல்லில் குளிர்காலத்துக்கு ஏற்ற வாசனைக் கூட்டுகளை அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். வடநாட்டார் கொண்டுவந்து கொடுத்த வட்டமான வெள்ளைக் கல் மாத்திரம், தென்னாட்டுச் சந்தனத்தோடு, தொடுவார் இல்லாமல் கிடக்கிறது.

புலவர் இதைச் சொன்னது குளிரின் கடுமையைக் காட்டுவதற்காக. நமக்கு அதில் வேறு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. சந்தனம் தெற்கிலிருந்து வந்தது. அதை அரைக்கிற கல் வடக்கிலிருந்து வந்தது. இது ஒன்று. வெயிற்காலத்துக்கு ஒரு பூச்சு, குளிர்காலத்துக்கு வேறொரு பூச்சு, இரண்டுக்கும் தனித் தனிக் கல் என்று ஒரு வீட்டில் ஒழுங்கு இருந்தது. இது மற்றொன்று. உடம்பின் தோல் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, அதற்குத் தக்கபடி பண்டத்தையும் மாற்ற வேண்டும் என்ற கணக்கு அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று ஒரே கட்டியைச் சித்திரையிலும் மார்கழியிலும் தேய்த்துவிட்டு, மார்கழியில் காலெல்லாம் வெடிக்கிறதே என்று நாம் வியப்படைகிறோம்.

சிலப்பதிகாரத்தில் இந்த விஷயம் இன்னும் விரிவாக வருகிறது. கடலாடு காதையில், ஊடல் தீர்ந்து கோவலனோடு கடற்கரைக்குப் புறப்படுமுன் மாதவி குளிக்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தல் ஆட்டப்படுகிறது. இந்தப் பட்டியலைப் படிக்கிறபோது, கணிகையின் குளியல் அல்லவா, ஆடம்பரம் இருக்கத்தானே செய்யும் என்று தோன்றும். ஆனால் துவர்கள் எவை என்று பழைய நூல்களில் பார்த்தால் ஆடம்பரம் கரைந்துபோகிறது. கடுக்காய், நெல்லி, தான்றி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி! எல்லாம் ஊர்ப்பொதுவில் நிற்கிற மரங்கள். யாரும் போய்ப் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிக்கொள்ளலாம், காயைப் பொறுக்கிக்கொள்ளலாம். விலை உயர்ந்த சரக்கு ஐந்து விரையில்தான் இருக்கிறது. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம். ஆரம் என்பது சந்தனம்.

அதாவது, தோலைக் காப்பது ஊர்மரம். மணத்தைக் கொடுப்பது மலைமரம். இந்தப் பாகுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வரப்போகிற கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

*

மாதவியின் குளியல் காவியத்தோடு முடிந்துவிடவில்லை. நலங்கு மாவு என்றும் ஸ்நானப் பொடி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு அது வீடுகளில் தொடர்ந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் என் அத்தைதான் இதற்கு அதிகாரி. மாசி பங்குனி வெயில் ஏறியதும் பாசிப்பயறு, கடலைப்பருப்பு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் எல்லாவற்றையும் தனித் தனி முறத்தில் மொட்டை மாடியில் காயப் போடுவாள். ஒவ்வொன்றும் கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும்; அப்போதுதான் இயந்திரத்துக்குப் போகும். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அதைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அத்தையே கூடப் போவாள். அரைத்து வந்த மாவை மெல்லிய துணியில் சலித்து, சலித்த பொடியைக் குழந்தைகளுக்கும், மேலே நின்ற கப்பியை முரட்டுத் தோல்காரர்களான எங்களுக்கும் பங்கிடுவாள்.

அளவு என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. "பயறு பாதி, மீதிப் பாதியிலே மத்ததெல்லாம்" என்பாள். அதிலும் ஆளுக்கு ஆள் மாறுதல் உண்டு. ஆண்களுக்கு மஞ்சள் கிடையாது. வேர்க்குரு வந்தவர்களுக்கு வெட்டிவேர் கூடுதல். வறண்ட தோலுக்குத் தண்ணீருக்குப் பதிலாகத் தயிர். கைக்குழந்தைக்கு வெறும் பயற்றமாவு. வாசனை எதுவும் கூடாது. இன்றைய வைத்தியர்கள் பச்சைக் குழந்தையின் தோலில் எந்தப் பொடியையும் அழுத்தித் தேய்க்க வேண்டாம், மூக்கில் எண்ணெய் விடவே வேண்டாம் என்று சொல்கிறார்கள். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் சாஸ்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் ஒரு வீட்டில் இருந்த பதினொரு பேரின் தோலையும் தனித் தனியாக அறிந்து வைத்திருந்தாள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பொடி எப்படி வேலை செய்கிறது? பயற்றமாவு தோலில் உள்ள எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டு நீரோடு போய்விடுகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் தண்ணீரில் நுரைக்கிற சத்து ஒன்று இருக்கிறது. ரசாயனப் புத்தகங்களில் அதற்குச் சபோனின் என்று பெயர். கொங்கு நாட்டில் தலைக்குத் தேய்க்கும் அரப்பும் இந்த வர்க்கம்தான். அது உசிலை மரத்தின் இலைப்பொடி. புஞ்சைக் காட்டிலும் கரட்டிலும் தானாக முளைத்து நிற்கும் மரம் அது. சந்தனம் கண்ணால் காணாத கோடிக்கணக்கான பேர் இந்த உசிலை இலையாலும் உவர்மண்ணாலும்தான் தலைமுறை தலைமுறையாக அழுக்குப் போக்கிக்கொண்டார்கள். பழம்பெருமை பேசுகிறபோது இதை மறந்துவிடக் கூடாது. ஐந்து விரையும் எல்லோர் வீட்டிலும் இருந்ததில்லை.

*

இப்போது மலைமரத்துக்கு வருவோம்.

புறநானூற்றில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடுகிறார். அந்த மலையில் ஒரு குறத்தி அடுப்பு மூட்டுகிறாள். காய்ந்த கொள்ளியைத் தள்ளுகிறாள். அது சந்தனக் கட்டை! அதன் புகை பக்கத்துச் சாரலில் பூத்திருக்கும் வேங்கை மரக் கிளைகளில் போய்ப் பரவுகிறது. அரண்மனையில் வடநாட்டுக் கல்லில் இழைத்துப் பூசிய அதே மரம், மலையில் தினை வேகிற அடுப்புக்கு விறகு. அவ்வளவு கிடந்தது. யாருக்கும் அது சொந்தமில்லை. ஆகவே எல்லாருக்கும் சொந்தம்.

இந்த நிலை மைசூரில் 1792-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ விருட்சம் என்று அறிவித்தார். அது எங்கே முளைத்தாலும் அரசாங்கத்துக்குச் சொந்தம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போனார், அவருடைய சட்டம் போகவில்லை. பின்னால் வந்த உடையார் சமஸ்தானமும், பிரிட்டிஷ் சர்க்காரும், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சர்க்கார்களும் அந்த ஒரு விஷயத்தில் திப்புவின் வாரிசுகளாகவே நடந்துகொண்டார்கள்.

மரத்தைக் காப்பாற்றத்தானே சட்டம் என்று தோன்றும். குடியானவன் பக்கமிருந்து பாருங்கள். பறவை எச்சமிட்ட விதை ஒன்று அவன் வேலியோரத்தில் முளைக்கிறது. அதை அவன் வெட்ட முடியாது, விற்க முடியாது. அது களவு போனால் அதிகாரிகள் வந்து அவனைத்தான் விசாரிப்பார்கள். நாற்பது வருஷம் காவல் காத்தாலும் பலன் பெரும்பாலும் அவனுக்கில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு முதியவர் இதைப் பற்றி என்னிடம் பேசினார். "எங்கப்பா காலத்துல சந்தனக் கன்னு முளைச்சா, விடியறதுக்குள்ளே பிடுங்கிப் போட்டுருவாருங்க. வளரவிட்டா வம்பு" என்றார். ராஜ விருட்சம் என்ற பட்டமே அந்தக் கன்றுக்கு எமனாகிவிட்டது.

போதாததற்கு அந்த மரத்தின் இயல்பும் அப்படி. சந்தனம் தனியாக வாழத் தெரியாத மரம். தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டவைத்து, உணவில் ஒரு பங்கை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. நாற்றங்காலில்கூடச் சந்தனக் கன்றுக்குத் துணையாக அதே தொட்டியில் துவரை விதைக்கிறார்கள். சுற்றியுள்ள காடு அழிந்தால் சந்தனமும் அழியும். எண்ணெய் இருப்பது மரத்தின் நடுவில் உள்ள வைரத்திலும் வேரிலும். வைரம் ஏறத் தொடங்கவே பத்து வருஷம் போல் ஆகும். நல்ல எண்ணெய் வேண்டுமானால் முப்பது வருஷம் பொறுக்க வேண்டும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் சந்தன மரத்தை வெட்டுவதில்லை. தோண்டி வேரோடு சாய்க்கிறார்கள். நெல்லியில் காய் பறித்தால் மரம் நிற்கும். சந்தனத்தில் மணம் வேண்டுமானால் மரமே போக வேண்டும்.

*

1914-இல் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. பெல்ஜியத்தில் வெடித்த குண்டுக்கும் மைசூர்க் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருந்தது. சமஸ்தானம் தன் சந்தனக் கட்டையை ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. அது கப்பலேறிப் பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே எண்ணெய் வடித்தார்கள். அந்த எண்ணெய்தான் உலகம் முழுவதும் அத்தருக்கும் மருந்துக்கும் போய்க்கொண்டிருந்தது. யுத்தம் வந்ததும் ஏலம் கேட்க ஆளில்லை. கட்டை குவிந்துவிட்டது. ஆண்டுதோறும் கஜானாவுக்கு வந்த வருமானம் நின்றது.

அந்தச் சமயத்தில் மைசூரில் திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. தொழில் இலாகாவின் தலைவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். இந்தச் சாட்டர்டன் நம் சென்னைக்குப் பழக்கமானவர். எஞ்சினீயரிங் கல்லூரி ஆசிரியராக வந்தவர், 1898 வாக்கில் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை ஆரம்பித்து வைத்தார். தோல் பதனிடுவதில் குரோம் முறையைக் கொண்டுவந்தார். சர்க்கார் பணத்தில் தொழில் தொடங்குவதா என்று சென்னையிலிருந்த வெள்ளைக்கார வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-இல் லண்டனிலிருந்து தடை உத்தரவு போட்டார். சென்னையில் மூடிய கதவு மைசூரில் திறந்தது. சாட்டர்டன் 1912-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். சென்னை இழந்த மனிதரை மைசூர் பயன்படுத்திக்கொண்டது.

எண்ணெயை நாமே வடித்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் சோதனை செய்து பார்த்து, முடியும் என்று காட்டினார்கள். கட்டையைச் செதுக்கிப் பொடியாக்கி, நீராவியைச் செலுத்தி, ஆவியோடு வரும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரிக்கிற முறை அது. நூறு பங்கு கட்டைக்கு நான்கு முதல் ஆறு பங்கு எண்ணெய் கிடைக்கும். 1916-இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை தோன்றிற்று. அடுத்தபடியாகச் சவுக்காரம். சோசலே கரளபுரி சாஸ்திரி என்ற இளம் விஞ்ஞானியை அந்தக் கலையைக் கற்று வரும்படி சமஸ்தானம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. அவர் திரும்பி வந்து தயாரித்ததுதான் மைசூர் சாண்டல் சோப். முட்டை வடிவக் கட்டி. நகைப்பெட்டி போன்ற உறை. அதன் மேல் யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம். 2006-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சவுக்காரம் நமக்கு அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. இங்கிலாந்தின் லீவர் கம்பெனி 1888-இலேயே சன்லைட் கட்டிகளைக் கல்கத்தாத் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. அப்போது வந்த சீமைச் சவுக்காரங்களில் மிருகக் கொழுப்புச் சேர்வது வழக்கம். ஆசாரக்காரர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் தாவர எண்ணெயிலேயே கட்டி செய்து அந்தத் தயக்கத்தைப் போக்கினார். அதுவும் மகாயுத்தம் முடிகிற சமயத்தில்தான். சுதேசிய உணர்ச்சியும் தோலின் சௌகரியமும் கைகோத்துக்கொண்ட காலம் அது.

கட்டி செய்வதில் மாயம் ஒன்றுமில்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவுக்காரமும் கிளிசரினும் பிறக்கின்றன. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 180 கிராம் காஸ்டிக் சோடா போதும். கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துச் செய்கிற பண்டம் ஒன்றை, தலைமயிருக்குச் செந்நிறம் ஏற்றுவதற்காக, கால் நாட்டார் கண்டுபிடித்தார்கள் என்று முதல் நூற்றாண்டு ரோமாபுரி ஆசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். வித்தை அவ்வளவு பழையது.

சவுக்காரத்தால் வந்த நன்மையை மறுக்க முடியாது. முறமும் மொட்டை மாடியும் அத்தையும் இல்லாத வீட்டுக்கும் சுத்தம் கடையில் கிடைத்தது. வயலில் இருந்து வந்த கூலிக்காரனும் ஆலையில் எண்ணெய்க் கறையோடு வந்த தொழிலாளியும் பொடி சலித்துக்கொண்டிருக்க முடியுமா? கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுகிற வழக்கம் எத்தனையோ நோய்களைத் தடுத்திருக்கிறது. ஒரு சங்கடம் மாத்திரம் உண்டு. நம் தோல் இயற்கையில் சிறிது புளிப்புத் தன்மை உள்ளது. சவுக்காரம் காரத்தன்மை உள்ளது. ரசாயனக்காரர்களின் அளவுகோலில் தோல் ஐந்தை ஒட்டி நிற்கும். சவுக்காரம் ஒன்பது, பத்துக்குப் போய்விடும். ஆகவே அது அழுக்கோடு தோலின் சொந்த நெய்ப்பசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வறட்சிக்கு வேறொரு பூச்சு விற்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிய சரக்குக்குப் பரிகாரம் அதே கடையில் அடுத்த அலமாரியில் இருக்கிறது.

*

சந்தனக் கல் இருந்த வீட்டில் சந்தனம் எவ்வளவு செலவாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். கை வலிக்க வலிக்க இழைத்தால் ஒரு கிண்ணத்தின் அடி நனையும். உள்ளங்கை நீளக் கட்டை ஒன்று பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்துவிடும். கல்லின் மந்தமும் கையின் அலுப்பும்தான் அந்த மரத்துக்குக் காவல். நீராவியும் இயந்திரமும் வந்தபோது அந்தக் காவல் நீங்கிவிட்டது. உலகம் முழுவதும் கேட்கிற மணத்துக்கு ஒரு சில மலைகள் ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்படி ஒரு கதை ஹவாய்த் தீவுகளில் நமக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அங்கேயும் சந்தனத்தில் வேறு இனங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவுக்குச் சரக்கு ஏற்றும் அமெரிக்கக் கப்பல்கள் அதைத் தேடி வந்தன. தலைவர்கள் பட்டுக்கும் கப்பலுக்கும் ஆசைப்பட்டுக் கடன் வாங்கினார்கள். கடனை அடைக்கக் குடிமக்கள் வயலை விட்டுவிட்டு மலையேறினார்கள். மொலோகாய் என்ற தீவில் கப்பலின் அடித்தளத்தைப் போன்ற அளவில் தரையில் தோண்டிய குழி ஒன்று இன்றும் இருக்கிறது. குழி நிறைந்தால் கப்பலுக்கு ஒரு சுமை. 1840 வாக்கில் வெட்டுவதற்கு மரம் மிஞ்சவில்லை. வியாபாரம் தானாக நின்றது.

நம் நாட்டில் அது மெதுவாக நடந்தது. 1899-இல் குடகில் சந்தனத்துக்கு ஒரு நோய் கண்டார்கள். இலை சிறுத்து, கூர்ந்து, மரம் பட்டுப்போகும் நோய். காடுகள் சுருங்கின. விலை ஏற ஏறக் கள்ளக் கடத்தல் பெருகிற்று. சத்தியமங்கலம் காடுகளிலும் மாதேசுவரன் மலையிலும் வீரப்பனைத் தேடி இரண்டு மாநிலப் போலீசார் பல வருஷம் அலைந்தார்கள். 2004 அக்டோபரில் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். காவலர்களும் கிராமத்து ஏழைகளும் அதற்குள் எத்தனையோ பேர் உயிர் இழந்திருந்தார்கள். முகத்தில் ஒரு விரற்கடை பூசிக்கொள்ளும் பொருளுக்குப் பின்னால் இவ்வளவு இரத்தம் இருக்கிறது. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் நம் சந்தனத்தை அழியக்கூடிய ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. நக்கீரர் காலம் முதல் தெற்கின் சொத்து என்று பேர் பெற்ற மரம், இன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், ஆர்ட் நதிப் பாசனத்தில் தோட்டம் தோட்டமாக வளர்கிறது.

திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கின் வாசலில் ஒரு முறை நின்றிருக்கிறேன். உள்ளே கட்டைகளைத் தரம் பிரித்து அடுக்கி ஏலத்துக்கு வைத்திருந்தார்கள். சுவருக்கு வெளியிலேயே மணம் வந்துவிட்டது. காட்டில் உயிரோடு நிற்கும் சந்தன மரத்தின் அருகில் போய் முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. இலைக்கு மணமில்லை, பட்டைக்கும் மணமில்லை. அந்த வாசலில் நின்றபோது, இவ்வளவு மணம் வருவதற்கு எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்திருக்கும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது.

இருநூறு வருஷம் கழித்துச் சர்க்கார்களுக்கும் விஷயம் புரிந்தது. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, தன் நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்காரனுக்கே சொந்தம் என்று ஆக்கின. வெட்டவும் விற்கவும் இன்னும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனாலும் கன்றைப் பிடுங்கிப் போட்ட கை இப்போது கன்று நடுகிறது. இன்று நடுகிற கன்றின் மணத்தை அவன் மகன்தான் அனுபவிப்பான்.

*

ஊர்மரங்களின் கதை இவ்வளவு துக்கமானதில்லை. ஆனால் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூ உயிருள்ள தோலுக்கு நல்லது. அதன் பட்டை உயிர் போன தோலைப் பதனிடும். சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம் பட்டையை நம்பியே நடந்தது. பட்டையை உரித்தால் அந்தத் தண்டு பட்டுப்போகும். பூவைப் பறித்தால் செடிக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் மறுபடி பூக்கும். ஒரே செடி, இரண்டு விதமான உபயோகம். எதை எடுக்கிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

அத்தையின் முறங்களை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன். பயறு வருஷந்தோறும் விளைகிற தானியம். சீயக்காய் கொடியில் காய்க்கிற காய். ரோஜாவும் ஆவாரையும் பூ. கோரைக்கிழங்கு உழவனின் சத்துரு. வயலில் அதைத் தோண்டி எடுக்கிறவனுக்கு அவன் நன்றி சொல்வான். மஞ்சளில் ஒரு துண்டை மண்ணில் விட்டால் அடுத்த தை மாதத்துக்குப் புதுக் கொத்து. வெட்டிவேரை அறுத்த பிறகு தூரைத் திரும்ப நட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலில் எடுத்தால் அழிந்துபோகிற பண்டம் ஒன்றுகூட இல்லை. சந்தனம் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மாத்திரம். அதுவும் கல்லில் இழைத்து. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. பல நூறு வருஷம் ஒரே ஊரில் இருந்து, அதே வேலியில் மறுவருஷமும் பறிக்க வேண்டியவர்களுக்குத் தானாக வந்த நிதானம்.

இந்த அறிவை எழுதி வைக்காததன் விலையும் நமக்குத் தெரிந்ததே. 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ நிலையத்துக்கு, மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடியது. எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும் என்றால் அங்கே சாட்சியம் ஆகாது; அச்சிட்ட காகிதம் வேண்டும். பழைய நூல்களையும், 1953-இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் தேடிப் பிடித்துக் காட்டிய பிறகு, 1997-இல் காப்புரிமை ரத்தாயிற்று. மஞ்சளுக்குக் காகிதம் கிடைத்தது. கார்போக அரிசியை எந்தத் தோலுக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு எந்தக் காகிதம் இருக்கிறது?

ஆகவே குடும்பத்துக்காகப் பொடி அரைக்க விரும்புகிறவர்களுக்கு என்னுடைய யோசனை இதுதான். பயறும் ஆவாரம்பூவும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றன. வாங்குகிறபோது, இது செடியின் எந்தப் பாகம், எடுத்த பிறகு செடி நிற்குமா என்று கேளுங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு உடம்புக்குப் பூசுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொண்டது, எது எரிந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் பக்கத்தை அவர்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பாதி என்றால் எதில் பாதி என்பதையும் விடாமல் கேட்டுவிடுங்கள்.